வாசகர் கேள்வி: மலசலகூடக் கணக்கும் கிணற்று நீரும்

கேள்வி: எங்கள் கிராமத்து மலசலகூடத் திட்டம் முழு எண்ணிக்கையில் நிறைவேறியதென அறிக்கை வந்தது. ஆனால் நிலைபேறான அபிவிருத்தி பற்றிய கருத்தரங்கொன்றில், அத்திட்டத்தில் ‘மதிப்பீட்டுச் சிந்தனை’ இல்லை என்றார்கள். கணக்குச் சரியாக இருக்கையில் வேறு எதை மதிப்பிடுவது?
– வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: எத்தனை கட்டினோம் என்பதற்கு மட்டுமே கணக்கு விடை தரும். கட்டியதால் யாருக்கு என்ன மாறியது, எதிர்பாராத எது நேர்ந்தது, எந்த நம்பிக்கையில் திட்டத்தை வகுத்தோமோ அது சரிதானா என்று தொடக்கத்திலிருந்தே கேட்டுவரும் பழக்கத்தையே மதிப்பீட்டுச் சிந்தனை என்கிறோம். திட்டம் முடிந்தபின் வெளியாள் ஒருவர் வந்து எழுதும் அறிக்கை அதற்கு ஈடாகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தையே பாருங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில், துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது. மலக்குழியின் கசிவும், தோட்டத்துக்கு இட்ட பசளையில் பயிர் எடுக்காமல் எஞ்சும் நைத்திரேற்றும் அதே வழியால்தான் இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றைத் தாண்டிய கிணறுகள் இங்கு பலமுறை பதிவாகியுள்ளன.

ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்ற 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஆறாவது, பாதுகாப்பான குடிநீரையும் சுகாதார வசதியையும் ஒருங்கே கோருகிறது. இரண்டாவதோ விளைச்சலை உயர்த்தச் சொல்கிறது. மலசலகூடம் கட்டியவர்களின் அறிக்கையும் விவசாயத்துறையின் அறிக்கையும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். அவை சந்திக்கும் இடமான கிணற்றைப் பற்றி எழுதவேண்டியவர் யார் என்பதுதான் தெரியாது. (வீட்டுக்கொரு மலசலகூடம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.) குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம், அடி மூடிய தொட்டி கட்ட முடியுமா, அதை உறிஞ்ச வரும் பவுசர் கழிவை எங்கே கொட்டும் என்பவற்றை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, கட்டுவதற்கு முந்திய கிணற்று நீரைச் சோதித்துப் பதிந்திருக்க வேண்டும்; அந்தப் பதிவு இல்லாவிட்டால், பின்னர் எவ்வளவு நேர்மையாக ஆராய்ந்தாலும் ஒப்பிட எதுவும் இராது.

கேள்வி: இத்தகைய மதிப்பீட்டுக்கு எங்கள் இலங்கைச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: உண்டு. 2017 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டமும், 2018 இல் அமைச்சரவை ஏற்ற தேசிய மதிப்பீட்டுக் கொள்கையும் இருக்கின்றன. மதிப்பீட்டில் கண்ட குறை அடுத்த ஆண்டின் நிதி ஒதுக்கீட்டை மாற்றுகிறதா என்பதில்தான் எமக்கு ஐயம். உங்கள் கிராமத்துத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நீர்ப் பரிசோதனை முடிவுகளை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே எழுத்தில் கேட்கலாம்.