பால் குடித்துக்கொண்டிருந்த கன்று திடீரென்று இறந்தது ஏன்?

கேள்வி: எங்களிடம் நான்கு கறவை மாடுகள். இரண்டுக்கு வாயிலும் குளம்பிடுக்கிலும் புண், எச்சில் ஒழுகுகிறது. நேற்று அதில் ஒன்றின் ஒரு மாதக் கன்று, பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துவிட்டது. அதற்குப் புண்ணே இல்லை. பாம்பு தீண்டியிருக்குமா? மிருகக்காட்சி சாலை விலங்குகள் வைரஸால் இதயம் பாதித்துத் திடீரென்று சாவதாகப் படித்தேன். அதுவா?

பதில்: பாம்பாக இருக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாடுகளுக்குக் கோமாரி. கன்றைக் கொன்றதும் அந்தக் கோமாரி வைரஸாகத்தான் இருக்க வேண்டும். பெரிய மாட்டுக்கு வாய், குளம்பு, மடியில் கொப்புளம் போடும் இந்தக் கிருமி, இளங்கன்றின் இதயத் தசையையே தாக்கிவிடும். கொப்புளம் வருவதற்குள் கன்று போய்விடும். முட்டி முட்டிப் பால் குடிக்கிற சிரமத்தைக்கூட அந்த இதயம் தாங்காது. அறுத்துப் பார்த்தால் இதயத்தில் வெளிறிய வரிகள் தெரியும். மருத்துவர்கள் இதைப் ‘புலி இதயம்’ என்பார்கள்.

நீங்கள் படித்தது வேறு வைரஸாக இருக்கலாம். 1945-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், அடைத்து வைத்திருந்த கிப்பன் குரங்கு ஒன்று இதயம் பாதித்துத் திடீரென இறந்தபோது கண்டறியப்பட்டது அது. கோமாரி வைரஸின் குடும்பம்தான். ஆனால் அதைப் பரப்புபவை எலிகள். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1993-94-ல் 64 யானைகள் அதற்குப் பலியாயின.

சரி, மற்ற கன்றுகள் இருந்தால் இப்போதே பிரித்துக் கட்டுங்கள். நோய் கண்ட மாட்டிடம் ஊட்ட விடவே கூடாது, பாலிலும் வைரஸ் வரும். நல்ல மாட்டின் பாலை நன்றாகக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆற்றிக் கொடுங்கள். நோய்மாட்டைத் தொட்ட கையோடு கன்றிடம் போகாதீர்கள். கன்றை விரட்டாமல், வெயிலில் கட்டாமல் பாருங்கள். சோர்ந்திருக்கிறதே என்று தெரிந்த ஆள் யாரையாவது வைத்து வேகமாகக் குளுக்கோஸ் ஏற்றினால் பலவீனமான இதயம் நின்றுபோகும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தொழுவத்தை 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவை சோடா கரைத்துக் கழுவுங்கள். இறந்த கன்றை மருத்துவர் பார்த்தபின் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

கால்நடை மருந்தகத்துக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். கோமாரி ஊசி நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கன்றுகளுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள கன்றுக்குத் தாயின் சீம்பால்தான் பாதுகாப்பு, அதுவும் தாய்க்கு ஊசி போட்டிருந்தால்தான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகப் போடும் ஊசியை, சினை மாடு என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள்.