இரண்டாமவரிடம் இன்னொரு தடவை

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், சென்னையில் ஐடி வேலை. ஒரு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை, திடீர் திடீரென்று அழுகை வருகிறது. முதலில் பார்த்த மனநல கவுன்சிலர், “கல்யாணம் பண்ணிக்கோம்மா, எல்லாம் சரியாகிடும்” என்றார். இரண்டாமவர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் என்ன செய்வதென்று சொல்லவே இல்லை. காசும் கரைகிறது. எதுவும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். குறை என்னிடமா? வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயம்.

எம்., சென்னை

அன்புள்ள எம்,

முதலாமவரை விட்டு வந்தது நல்லது. நம் ஊரில் யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் நிலைமை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிகிச்சைக்கென்றே பயிற்சி பெற்ற உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். போனிலேயே கேட்டுவிடுங்கள், ஒழுங்காகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாமவர் விஷயம் வேறு. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பிரபலம். சிகிச்சை உறவுக்கு மூன்று அம்சங்கள் என்கிறார்: இருவருக்கும் இடையே ஒட்டுதல், எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு. உங்களுக்கு ஒட்டுதல் அமைந்துவிட்டது. மூன்றாவதுதான் இல்லை. அதைக் கேட்டால் கிடைக்கலாம்.

அதனால் இன்னொரு தடவை போங்கள். “பேசினால் மனசு லேசாகிறது, ஆனால் தூக்கம் வரவில்லை, அதற்கு என்ன செய்யலாம்?” என்று நேராகக் கேளுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் சிகிச்சைக்கு காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி என்று பெயர், அதில் தூக்கத்துக்கென்றே தனி முறை இருக்கிறது. எப்போது படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று தினமும் எழுதிவரச் சொல்வார்கள். தூக்கம் வராமல் புரண்டால் கட்டிலை விட்டு எழுந்துவிட வேண்டும். படுக்கையில் லேப்டாப் கூடாது (ஐடிக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம்). அவருக்கு அந்தப் பயிற்சி இல்லாவிட்டால், இருப்பவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதற்கே முகம் சுளித்தால் யோசிக்காமல் வேறு ஆளைப் பாருங்கள்.

நடுவே ஒரு மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கோளாறுகூடத் தூக்கத்தைக் கெடுக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காசு பிரச்சினை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே சிரிக்க நம் சினிமாக்காரர்கள் பழக்கிவிட்டார்கள், அதையெல்லாம் கண்டுகொள்ளாதீர்கள். கூட்டம் இருக்கும், லீவு போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழுகை வந்தால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். அரசு சேவைதான், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டு விஷயம்: உங்களுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை தருபவர் உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்குகள் என்னென்ன, எந்தக் கட்டத்தில் வீட்டுக்குப் போன் போகும் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு அவசரம் இல்லை.