மீயொலி சென்சார் காட்டும் தூரத்தை எவ்வளவு நம்பலாம்? வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய எச்.சி.-எஸ்.ஆர்.04 (HC-SR04) சென்சார், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் கருவி, அதன் விவரத்தாளில் போட்டிருக்கும் 3 மி.மீ. துல்லியத்தை உண்மையிலேயே தருமா, அதை வீட்டில் சோதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஓர் ஆர்டுயினோ (சென்சாரை இயக்கும் சிறு கணினிப் பலகை), இஞ்ச் டேப், தெர்மாமீட்டர் போதும்.

ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே எண் வருகிறதா என்பது ஒரு கேள்வி. வருகிற எண் சரிதானா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் கோளாறு எங்கே என்று பிடிபடாது.

முதல் கேள்விக்கு, சென்சாரை அசையாமல் பொருத்தி, வெறும் சுவருக்கு நேராக 1 மீட்டரில் வையுங்கள். திரைச்சீலை கூடாது, துணி ஒலியை உறிஞ்சிவிடும். ஃபேனையும் அணைத்துவிடுங்கள். 60 மில்லி விநாடிக்கு ஒன்றாக 200 அளவுகள் எடுங்கள். செ.மீ. ஆக மாற்றாமல், எதிரொலி திரும்ப ஆன மைக்ரோ விநாடிகளையே பாருங்கள். எனக்கு விஷயம் புரிந்தது அப்படிப் பார்த்தபோதுதான். 5720ஐ ஒட்டி ஒரு கூட்டம், 5745ஐ ஒட்டி இன்னொரு கூட்டம், நடுவில் கிட்டத்தட்ட காலி. சென்சார் அனுப்புவது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி, அதில் ஓர் அலைக்கு 25 மைக்ரோ விநாடி. எதிரொலி பலவீனமாக வந்தால் முதலில் பிடிக்க வேண்டிய அலையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. அந்த ஓர் அலைக்கே தூரம் 4 மி.மீ.க்கு மேல் கூடிவிடும், 3 மி.மீ. அங்கேயே போயிற்று! அதனால் நான் சராசரி எடுப்பதில்லை. அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு, 50, 100, 150, 200 செ.மீ.யில் இதையே செய்து டேப்போடு ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் பிழை ஒரே அளவு என்றால், டேப்பை எங்கிருந்து பிடித்தீர்கள் என்பதுதான் சிக்கல். அதைக் கழித்துவிட்டால் சரி. தூரம் கூடக் கூடப் பிழையும் கூடினால் ஒலியின் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். நிரல்களில் பெரும்பாலும் விநாடிக்கு 343 மீட்டர் என்று எழுதியிருக்கும். அது 20 டிகிரிக்கான கணக்கு. சென்னையில் நமக்கு அந்தக் குளிர் எங்கே? 35 டிகிரியில் வேகம் சுமார் 352.5 மீட்டர். அப்போதும் 343 என்றே கணக்கிட்டால், 2 மீட்டர் தூரத்தை 5 செ.மீ.க்கு மேல் குறைத்துக் காட்டிவிடும்.

எங்கள் மொட்டை மாடித் தொட்டியில், மேலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளக்க, தண்ணீர் புகாத வகை சென்சார் வைத்திருக்கிறேன். ஒரு மே மாதம், மோட்டாரே போடாமல் மதியத்துக்குள் தண்ணீர் 2 செ.மீ. ஏறியதாகக் காட்டியது. மூடிக்குக் கீழே காற்று கொதித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பக்கத்திலேயே ஒரு வெப்பநிலை சென்சார் வைத்து, வேகத்தை 331.3 + 0.606 × டிகிரி என்று ஒவ்வொரு முறையும் கணக்கிட வைத்த பிறகு காலையும் மதியமும் ஒத்துப்போகின்றன.