கிழங்கு எந்த வருடம் தொடங்கியது?

வணக்கம். ஜப்பான்காரன் காலத்தில் (சிங்கப்பூரை ஜப்பான் பிடித்து வைத்திருந்த 1942-45) மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்ததாக என் பாட்டி சொல்வார். அவருக்கு இப்போது 94 வயது. அரிசியையெல்லாம் ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டான் என்பது அவர் கட்சி. இல்லை, அமெரிக்க நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்ததுதான் காரணம் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பாட்டி பக்கமே சாய்கிறேன். ராணுவத்துக்குப் போக மிச்சம்தான் ஊருக்கு. ஆனால் சிங்கப்பூரில் சோறு என்றாலே கப்பல். பர்மாவில் அரிசி வாங்க ஆளில்லாமல் தேங்கிக் கிடந்த அதே போர்க்காலத்தில் இங்கே கிழங்கு வெந்தது. ஏற்றிவரக் கப்பல் போதவில்லை. இருந்த கப்பல்கள் எண்ணெயையும் ரப்பரையும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டையும் ஜப்பானுக்குச் சுமந்தன.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். 1942 பஞ்சத்தின் பழியை நீர்மூழ்கிகள் மேல் போட முடியாது. அவை நீருக்கடியில் ஏவிய மார்க் 14 டார்பிடோ குண்டு அப்படி ஒரு சொத்தைச் சரக்கு! குறித்த ஆழத்துக்கும் கீழே ஓடும். கப்பலின் விலாவில் நேராக மோதினாலும் பல வேளை வெடிக்காது. கோளாறுகள் தீர 1943 கடைசியாகிவிட்டது. சுருக்கு இறுகியது அதற்குப் பிறகுதான். ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களின் மொத்த டன்னில் பாதிக்கும் மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் கணக்கு.

இறுகிய சுருக்கு ஆள் பார்க்கவில்லை. 1944 செப்டம்பர் 6 அன்று நம் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ராக்குயோ மாரு கப்பலில் ரப்பர் மூட்டைகளோடு 1,300க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகள் இருந்தார்கள். ஜப்பானியர்கள் கைதிகளை வதைத்துப் போட்ட சயாம்-பர்மா மரண ரயில்பாதையில் சாகாமல் மீண்டவர்கள். ஆறாம் நாள் சீலயன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி அதைத் தாக்கியது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தாக்கியவர்களுக்குத் தெரியாது. ஜப்பானியர்கள் முதலில் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து அந்தப் பக்கம் வந்த பம்பானிட்டோ என்ற இன்னொரு நீர்மூழ்கி, எண்ணெய் அப்பிய உடம்போடு கட்டைகளைப் பிடித்து மிதந்தவர்களைக் கண்டது. அவர்கள் ஆங்கிலத்தில் கத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

பாட்டியிடம் கேளுங்கள்: வீட்டில் கிழங்கு எந்த வருடம் தொடங்கியது? 1942 என்றால் வழக்கில் அவருக்கே ஜெயம். 1944 என்றால் மகனுக்கும் பாதி கொடுத்தாக வேண்டும்.