ஆஸ்பத்திரி என்றொரு பள்ளிக்கூடம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம்ப் பாடம் வந்தபோது, அவர் படித்தது ‘கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்’ என்று இருந்தது. நோயாளிப் பிள்ளைகளுக்கான இடம் போல என்று நினைத்துப் பரீட்சையிலும் அப்படியே எழுதிவிட்டேன். இப்போது இணையத்தில் பார்த்தால், இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் பெரிய மைதானங்களோடு ஒரு பள்ளி. ஈட்டன், ஹாரோ மாதிரி இதுவும் சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கானதுதானா? அப்படியானால் அந்தப் பெயர் ஏன்?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் எழுதியதில் பாதிதான் தப்பு. ஹாஸ்பிடல் என்றால் அந்தக் காலத்தில் போக்கிடம் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம் என்றும் பொருள். எட்டாம் ஹென்றி மடங்களை மூடியதில் லண்டன் நியூகேட் தெருவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் காலியாகக் கிடந்தது. தெருவிலோ அநாதைப் பிள்ளைகள். பிஷப் ரிட்லி இளம் அரசர் ஆறாம் எட்வர்டின் முன் ஏழைகளுக்காகப் பிரசங்கம் செய்தார். நகரத்து வணிகர்கள் பணம் திரட்டி, 1552இல் அந்த மடத்தில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். மறு வருடம் அரசர் கையெழுத்திட்ட சாசனத்தில் மூன்று இடங்கள்: நோயாளிகளுக்கு செயின்ட் தாமஸ், நாடோடிகளைப் பிடித்து வேலை வாங்க பிரைட்வெல், பிள்ளைகளுக்கு கிறைஸ்ட்ஸ். கையெழுத்திட்ட சில நாட்களில் அரசர் இறந்தார். வயது 15.

1673இல் இரண்டாம் சார்லஸ் உள்ளேயே ஒரு கணிதப் பள்ளி வைத்தார். தர்ம காரியம் மட்டுமல்ல, கடற்படைக்குக் கப்பல் செலுத்தத் தெரிந்த பையன்கள் வேண்டும். பாடத்திட்டம் பற்றி நியூட்டனிடமே யோசனை கேட்டிருக்கிறார்கள்.

லாம்பும் பின்னாளில் கவிஞரான கோல்ரிட்ஜும் 1782இல் சேர்ந்தார்கள். லாம்ப் ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தவரின் மகன். வீடு பக்கத்தில் என்பதால் அத்தை சுடச்சுட வறுத்த இறைச்சி கொண்டுவருவார். டெவனிலிருந்து வந்த, தகப்பனை இழந்த கோல்ரிட்ஜுக்கு யார் கொண்டுவருவார்கள்? லாம்ப் இந்தப் பள்ளியைப் பற்றி இரண்டு முறை எழுதினார். 1813இல் ஒரே புகழ்ச்சி. 1820இல் கோல்ரிட்ஜின் இடத்தில் நின்றுகொண்டு, அத்தை சாப்பாடு கிடைத்த அந்த லாம்பையே குத்திக்காட்டுகிறார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அதில் ஒரு பையன் வருகிறான். வேகவைத்த மாட்டுக் கொழுப்பைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள், தட்டிலேயே ஒதுக்கிவிடுவார்கள். இவன் அந்த மிச்சத்தைப் பொறுக்கிக் கட்டில் பக்கத்தில் ஒளித்துவைக்கிறான். ராத்திரியில் தின்கிறான் என்று பேச்சாகிறது. யாரும் அவனோடு விளையாடுவதில்லை. ஒரு விடுமுறை நாளில் மூட்டையோடு வெளியே போனவனை இரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். லண்டன் சான்சரி லேனில் இருப்பவை போல, ஏழைகள் ஒண்டியிருக்கும் ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் நுழைகிறான். விசாரித்தால், உள்ளே இருப்பது நொடித்துப்போன அவன் அப்பா அம்மா. நிர்வாகிகள் அந்தக் குடும்பத்துக்கு உதவி செய்து, பையனுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். சரி, பதக்கம் நல்லதுதான். அத்தனை நாள் பக்கத்தில் உட்காராமல் இருந்த பையன்கள் அப்புறம் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் நான் தேடுவேன்.

லண்டன் நெரிசலிலிருந்து 1902இல் பள்ளியை சசெக்ஸில் ஹார்ஷம் பக்கம் மாற்றினார்கள். நீங்கள் பார்த்த மைதானங்கள் அங்கேதான். ஹெர்ட்ஃபோர்டில் தனியாக இருந்த பெண்கள் பிரிவு 1985இல் வந்து சேர்ந்தது. இன்றும் நீல நிற நீண்ட அங்கி, மஞ்சள் காலுறை. மதியச் சாப்பாட்டுக்கு பேண்டு வாத்தியத்தோடு அணிவகுப்பு. ஏழைப் பிள்ளை என்று அடையாளம் காட்டிய உடுப்பு, இப்போது பெருமையாகப் போட்டுக்கொள்கிற உடுப்பு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுக்கட்டணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தத் தொகை சின்னதல்ல. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். ஒன்றுமே கட்டாதவர்களும் உண்டு. அதனால் ஈட்டனோடு ஒரே வரியில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. லாம்பின் இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.