அண்ணாவியாருக்குப் பிறகும் அவருடைய கூத்தை ஆடுவது எப்படி?

கேள்வி: மேற்கில் நவீன நடன முன்னோடிகள் இறந்த பின்னும் அவர்களுடைய குழுக்கள் அதே ஆக்கங்களை ஆடுகின்றன. மட்டக்களப்பில் வயதான அண்ணாவியார் (கூத்தைப் பழக்கும் ஆசான்) ஒருவரிடம் பழகிய கூத்துக் குழுவும் அப்படிச் செய்யலாமா?

செய்யலாம். அரங்கேற்றத்தை வீடியோ எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அந்த வீடியோவில் அன்றைய பிழையும் சேர்ந்து பதிவாகியிருக்கும். ஆட்டக்காரர் தாளம் தவறி வைத்த காலை, பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் "அண்ணாவியார் வைத்த ஆட்டம்" என்று பழகுவார்கள். வடமோடி என்ற கூத்து வகையின் கரப்புடுப்பு (கூடைபோல் விரிந்த உடுப்பு) காலை மறைக்கும். கமராக்காரர் முகத்துக்குக் கிட்டப் போகிற நேரமெல்லாம் மிதி (காலடி) படத்தில் இல்லாமல் போய்விடும்.

அமெரிக்க நவீன நடனக் கலைஞர் ஹொசே லிமோன் 1972இல் இறந்தார். 1946இல் தொடங்கிய அவருடைய குழு இன்றும் ஆடுகிறது. ஆடியவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தொடர் அங்கே அறவில்லை. இன்னொரு அமெரிக்க நடன முன்னோடி மேர்ஸ் கன்னிங்ஹாம் வேறு வழி எடுத்தார். 2009இல் அவர் இறந்ததும் குழு உலகம் சுற்றி ஆடி, 2011 டிசம்பர் 31ஆம் திகதியோடு கலைந்தது. முன்கூட்டியே போட்ட திட்டம் அது. 80க்கும் மேற்பட்ட ஆக்கங்களுக்குத் தனித்தனிப் பொதிகள் மிஞ்சின. ஒவ்வொன்றிலும் ஒத்திகை வீடியோ, ஒலிப்பதிவு, ஒளியமைப்புப் படம், உடுப்பு வரைவு, அவருடைய கைக்குறிப்பு எல்லாம் இருக்கும்.

அந்தப் பொதியை அப்படியே நம் கூத்துக்குக் கொண்டுவர முடியாது. கன்னிங்ஹாமின் ஆட்டமும் இசையும் தனித்தனியே உருவானவை. அவருடைய ஆட்டக்காரர் மணிக்கூட்டை வைத்தே நேரம் பழகினார்கள். கூத்திலே மத்தளம் இல்லாமல் கால் இல்லை. அதனால் பதிவும் மத்தளத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் அண்ணாவியார் தாளக்கட்டை (மத்தள அடியின் சொற்கட்டு) வாயால் சொல்ல, பிறகு மத்தளத்தில் அடிக்க, ஒவ்வொரு வரவுக்கும் (பாத்திரம் நுழையும் ஆட்டம்) தருவுக்கும் (கூத்துப் பாட்டு) தனித்தனியாக ஒலிப்பதிவு செய்யுங்கள். 15 விநாடியில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கி எழுதிவையுங்கள். வேகம்தான் முதலில் கெடுவது. இளம் ஆட்டக்காரர் கைதட்டலுக்காக விரைவாக்குவார்கள். அப்போது அரை மிதி விழுங்கப்படும்.

ஆட்டத்தைச் சதங்கையோடு, உடுப்பில்லாமல், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிப் பதிவு செய்யுங்கள். கமரா மூன்று வேண்டும்: முன்னால் அசையாத ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று, ஏணியிலோ மாடியிலோ உயரத்தில் ஒன்று. முதுகுப் பக்கத்துப் படம்தான் பழகுகிறவருக்கு உதவும். வலது இடது மாறாது. உயரத்துப் படம் களரியில் (கூத்து ஆடும் இடம்) போன பாதையைக் காட்டும். வட்டக்களரிக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லாததால், கொப்பியில் "வலப்பக்கம் திரும்பு" என்று எழுதாமல் கிழக்கு, மேற்கு என்று எழுதுங்கள். பிறகு உடுப்பு, கிரீடம், ஆயுதத்தோடு அதையே இன்னொரு முறை எடுங்கள். பாரத்தைக் குறைத்துத் தைத்த உடுப்பில் சுழற்சி வேறு மாதிரி வரும். ஆகவே பழைய உடுப்பின் நிறை, சுற்றளவு, துணி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்ட அசைவுகளை எழுத லாபான் 1928இல் வெளியிட்ட குறிமுறை நல்லதுதான். கீழிருந்து மேலாக வாசிப்பது. குறியின் வடிவம் திசையையும் நீளம் நேரத்தையும் சொல்லும். ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர் குழுவில் இல்லையென்றால் பயனில்லை. தாளக்கட்டு, கால், கை, களரியில் இடம் என்று நான்கு நிரல் போட்ட கொப்பியே போதும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எந்தக் கூத்தைக் காக்கப் போகிறீர்கள்? விடிய விடிய ஆடுவதையா, மேடைக்குச் சுருக்கியதையா? பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் இராவணேசன் (1964) என்ற கூத்தை மேடைக்கு ஆக்கினார். அதில் இராவணனாக ஆடிய மௌனகுரு பின்னர் மட்டக்களப்பில் மாணவரை வைத்து அதை மீண்டும் தயாரித்தார். இரண்டும் ஒன்றல்ல. தயாரித்த ஆண்டு, மாற்றியது யார், ஏன் என்று பதிவின் முதல் பக்கத்திலேயே எழுதாவிட்டால் பின்னால் வருகிறவர் குழம்புவார்.

உரிமையையும் இப்போதே எழுதி வாங்குங்கள். அமெரிக்க நடன முன்னோடி மார்த்தா கிரஹாம் 1991இல் இறந்தபின் ஆக்கங்கள் யாருக்கு என்ற வழக்கு வந்தது. 2002 தீர்ப்பில்தான் பெரும்பாலானவை அவர் அமைத்த நிறுவனத்துக்கு என்று முடிந்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டத்தில் ஆட்ட அமைப்பும் பதிப்புரிமைக்குள் வரும். ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை அது நிற்கும். பழங்கூத்தின் பொதுவான மிதியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அண்ணாவியார் புதிதாக ஆக்கிய பகுதிக்குத்தான் கையெழுத்து.

பிரதி மூன்று வையுங்கள், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே. 1978 சூறாவளியும் 2004 கடல்கோளும் கண்ட கரை இது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோப்பெல்லாம் திறக்கிறதா என்று பார்த்துப் புதிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, அந்தக் கூத்தைக் கண்டேயிராத ஒரு பிள்ளையிடம் கொப்பியையும் வீடியோவையும் கொடுத்து ஒரு வரவை மட்டும் பழகச் சொல்லுங்கள். பிறகு அண்ணாவியார் முன் ஆடட்டும். அவர் திருத்துகிற ஒவ்வொரு இடமும் கொப்பியில் விடுபட்ட இடம். அன்றிரவே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.