கணக்கா, உயிரியலா என்று குழம்பும் பெற்றோருக்கு

மகளுக்குக் கணக்கும் பிடிக்கிறது, உயிரியலும் பிடிக்கிறது, எதை விடச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் விட வேண்டாம். இரண்டும் சேரும் இடத்திலேயே கணித உயிரியல் என்று ஒரு துறை இருக்கிறது.

மலேரியாவைக் கொசு பரப்புவதற்கு 1897-ல் ஆதாரம் கண்ட ரொனால்ட் ராஸ் ஒரு மருத்துவர். ஊரில் உள்ள கொசுவையெல்லாம் ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் சமன்பாடு போட்டுப் பதில் சொன்னார்: எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டாம், எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனாலே நோய் அடங்கிவிடும். 1990-களில் எச்ஐவி கதையும் இப்படித்தான். மருந்து கொடுத்ததும் ரத்தத்தில் வைரஸ் குறையும் வேகத்தைக் கணக்கிட்டபோது, அறிகுறியே இல்லாத காலத்திலும் உடம்பில் தினமும் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகி அழிவது தெரிந்தது. அந்த வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும் வைரஸை ஒற்றை மருந்தால் பிடித்து வைக்க முடியாது. கூட்டு மருந்து ஏன் தேவை என்பது அதில் புரிந்தது.

பட்டத்தின் பெயரைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். கணிதம், இயற்பியல், புள்ளியியல், உயிரியல் எதிலிருந்தும் வரலாம். வகைக்கெழுச் சமன்பாடு (ஒன்று மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாடு), நிகழ்தகவு, பைத்தான் மாதிரி ஒரு நிரல்மொழி, இவை கைவந்தால் போதும். மருந்தளவை முடிவு செய்யும் மருந்து நிறுவனங்களிலும் பொதுச் சுகாதாரத்திலும் வேலை உண்டு. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: இளநிலைப் பட்டத்தோடு நின்றால் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் முதுநிலையோ முனைவர் பட்டமோ கேட்பார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் குணப்படுத்தத்தான் அவளுக்கு ஆசை என்றால், மருத்துவம்தான் வழி.

சரி, பிடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு நாள் என்று போடச் சொல்லுங்கள். 1,000 பேர், அதில் ஒருவருக்கு நோய். தினமும் புதிதாக நோய் வருபவர்கள் = 0.3 × நோயாளிகள் × இதுவரை நோய் வராதவர்கள் ÷ 1,000. இதில் 0.3 என்பது நோய் பரவும் வேகம். நோயாளிகளில் பத்தில் ஒரு பங்கு தினமும் குணமாகிறார்கள். உச்சத்தில் ஒரே நேரத்தில் 300 பேரை ஒட்டிப் படுத்திருப்பார்கள். இப்போது 0.3-ஐ 0.15 ஆக்கச் சொல்லுங்கள். 150 வரும் என்றுதான் நினைப்போம். வருவது 60 சொச்சம். (நானும் முதல் தடவை சூத்திரத்தில் பிழை என்றே நினைத்தேன்.) குணமானவருக்கு மறுபடி வந்தால் என்ன ஆகும் என்று அவளாகவே இன்னொரு நெடுவரிசையைச் சேர்க்கிறாளா, சலித்துப்போய் மூடிவைக்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.